அக்னித் தலத்தில் அஞ்சு ஸ்டார்

இந்திய நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் வீடுகளைப் பற்றிக் கவலைப்பட்டது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலைகளும் வணிக வளாகங்களும் மட்டும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்தால் போதாது, மக்கள் குடியிருக்கும் கட்டடங்களும் விதிக்குள் வர வேண்டும் என்றார்கள். நல்ல காரியம். கூடவே ஒரு சின்ன நிபந்தனை வைத்தார்கள்: அந்தக் கட்டடத்தின் மின் இணைப்புச் சுமை குறைந்தது 100 கிலோவாட் இருக்க வேண்டும்.

100 கிலோவாட் என்றால் என்ன? ஒன்றரை டன் ஏ.சி. அறுபதை ஒரே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அளவு. திருவண்ணாமலையில் அப்படி ஒரு வீட்டைத் தேடி நான் அவலூர்பேட்டை ரோட்டிலிருந்து செங்கம் ரோடு வரை நடந்தால் போதாது, கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டரும் போதாது. பெரிய அடுக்குமாடி ஒன்றிரண்டு வேண்டுமானால் அந்தக் கணக்கில் சிக்கலாம். மாநில அரசுகள் விரும்பினால் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. விரும்பினால்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2018 டிசம்பர் 14 அன்று, வீடுகளுக்கென்றே ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டிருந்தார்கள். ஈகோ நிவாஸ் சம்ஹிதா. சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம், ஜன்னல் எவ்வளவு திறக்க வேண்டும், கூரை எவ்வளவு சூட்டைக் கடத்தலாம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதிய தொகுப்பு. எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூரையின் வெப்பக் கடத்தல் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு வரியை மட்டும் நாடு முழுக்க நிறைவேற்றினால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் அந்தத் தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல். இந்த ஊரில் பன்னிரண்டு சென்ட் மனையில் வீடு கட்டியவனுக்குக் கூரை சுட்டால் மாடியில் இன்னொரு தளம் எழுப்பிக்கொள்வான். இரண்டு சென்ட்காரன் என்ன செய்வான்? அவனைப் பற்றித் தொகுப்பு வாய் திறக்கவில்லை.

சட்டம் எட்டாத இடத்துக்கு ஸ்டிக்கர் எட்டியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எரிசக்தித் திறன் அமைப்பு 2006-இல் தொடங்கிய ஸ்டார் திட்டம் இன்று ஏ.சி.யில், ஃப்ரிட்ஜில், டி.வி.யில், கீசரில், எல்.இ.டி. பல்பில், 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனிலும் கட்டாயம். நம் ஜனங்களும் பழகிவிட்டார்கள். தேரடி வீதியில் கடைக்குள் நுழையும் பாட்டிகூட "எத்தினி ஸ்டாரு?" என்றுதான் கேட்கிறாள். நடுநடுவே அளவுகோலை இறுக்குவார்கள். 2022 ஜூலையில் அப்படி இறுக்கியபோது அதுவரை ஐந்து ஸ்டார் வாங்கியிருந்த ஏ.சி. ஒரே ராத்திரியில் நான்கு ஸ்டாருக்கு இறங்கியது. இறங்கினாலும் அதன் கௌரவம் குறையவில்லை. பக்கத்து வீட்டுச் சந்தில் சூட்டை ஊதிக்கொண்டு அது பாட்டுக்கு ஓடுகிறது.

யந்திரத்துக்கு ஸ்டார் இருக்கிறது. யந்திரம் மாட்டியிருக்கும் அறைக்கு இல்லை. வெயிலில் காய்ந்த மொட்டைத் தளத்துக்குக் கீழே ஐந்து ஸ்டார் ஏ.சி.யை மாட்டி, ராத்திரியெல்லாம் ஓட்டி, கூரை இறக்கும் சூட்டை வெளியே தள்ளி, மறுநாள் பகலில் அதே கூரை மறுபடி சூடேற, மறுபடி ஓட்டி. இதற்குப் பெயர் சிக்கனம். வீடுகளுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள், விரும்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். மறுபடியும் அந்த விருப்பம்.

சரி, தனியார் வீட்டை விடுங்கள். அவனவன் காசு, அவனவன் கூரை. அரசாங்கம் தன் கையால் போட்டுக்கொடுக்கும் கூரைக்கு எத்தனை ஸ்டார்? இதைத்தான் நான் கேட்க வந்தேன்.

தமிழ்நாட்டில் ஏழைக்கு வீடு கட்டித்தராத ஆட்சி இல்லை. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-இல் ஆட்சி மாறியதும் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்: 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதில் 30 ஆயிரம் சூரிய விளக்குகளுக்கு. ஐந்து சி.எஃப்.எல். விளக்கு. வீட்டுக்குப் பசுமை என்று பெயர் வாங்கிக்கொடுத்தவை அந்த ஐந்து விளக்குகள்தான். கூரை வழக்கமான கான்கிரீட். பேட்டரிக்கு ஆயுள் சில வருஷம், கான்கிரீட்டுக்கு முப்பது நாற்பது. எது பசுமையாக இருந்திருக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. வெளிச்சம் படம் எடுக்க வசதியானது. குளிர்ச்சியைப் படம் எடுக்க முடியாது.

மறுபடி ஆட்சி மாறியது. 2024-25 முதல் கலைஞரின் கனவு இல்லம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடு, ஒவ்வொன்றும் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மிச்சம் 60 தீப்பிடிக்காத வேறு கூரை. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். குடிசையில் இருந்தவர்கள் கான்கிரீட் வீட்டுக்குப் போகிறார்கள். இதைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. கூரை வீட்டின் குளிர்ச்சியைப் பற்றி உருகி உருகி எழுதுபவர்களை எனக்குத் தெரியும். ரமணாசிரமம் பக்கம் கஃபேக்களில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஒரு மாதம் அந்தக் கூரைக்குக் கீழே, பாம்பும் ஒழுக்கும் தேளுமாக, கைக்குழந்தையோடு படுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதட்டும். அடுத்த வீட்டில் ஒரு பொறி பறந்தால் தெருவே போகும் ஊரில் கான்கிரீட் தளம் என்பது ஏழைக்குக் கௌரவமும்கூட. கேட்டது சரி, கொடுத்ததும் சரி. கொடுத்தது எப்படி என்பதில்தான் எனக்குக் கோபம்.

நாலைந்து அங்குல மொட்டைக் கான்கிரீட் தளம், மேலே ஒன்றும் போடாவிட்டால், கடத்தும் வெப்பம் மத்திய அரசின் தொகுப்பு அனுமதிக்கும் 1.2 வாட்டைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். நம் கொத்தனார்களுக்கு இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து மூன்று அங்குலம் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். பழைய வீடுகளில் மாடிக்கு ஏறினால் சிவப்பாகத் தெரியுமே, அதுதான். அஸ்திவாரம், சுவர், தளம், கதவு, பூச்சு, கழிப்பறை எல்லாம் மூன்றரை லட்சத்தில் முடித்துவிட்டுத் தட்டோட்டுக்கு மிச்சம் இருக்குமா என்று எந்தக் கொத்தனாரையாவது கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள்; வாயில் வெற்றிலை இருக்கும், சிரிக்கும்போது தெறிக்கும்.

இங்கே ஒரு கணக்கு. நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்து யூனிட்டுக்குக் குறையாத வெயில் விழுகிறது. சோலார் பலகை விற்பவர்களைக் கேட்டால் இன்னும் கூட்டியே சொல்வார்கள். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். அப்படியானால் அந்தத் தளத்தின் தலையில் ஒரு நாளைக்கு 140 யூனிட். இரண்டு மாதத்துக்கு 8,400 யூனிட். மழுங்கிய சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் பாதிக்கு மேல் குடித்துக்கொள்ளும்; குடித்ததில் ஒரு பங்கு மேலே போகும், ஒரு பங்கு கீழே இறங்கும். 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அரசு கொடுப்பது நூறு. ஆகாயம் கொட்டுவது எட்டாயிரத்து நானூறு. இரண்டும் இலவசம்தான்.

அந்த நூறும் எங்கே போகிறது? சாதாரண சீலிங் ஃபேன் எழுபத்தைந்து வாட். வெயில் காலத்தில் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். ஃபேன் அறையைக் குளிர்விக்காது. கூரை இறக்கிய சூட்டை எடுத்து எல்லார் மேலும் சமமாகப் பரிமாறும். ஆக, அரசு கொடுக்கும் மின்சாரத்தில் முக்கால்வாசியை அரசு கொடுத்த தளமே தின்று தீர்க்கிறது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்குகிறது. நடுவில் நாலு பேர் வியர்வையில் புரள்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுவிடுகிறேன். பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்த்திகை தீபத்துக்கு 2,668 அடி உயர மலைமேல் கொப்பரையில் ஊற்றும் நெய் 3,500 கிலோ என்பார்கள். அத்தனை நெய்யிலும் அடங்கியிருக்கும் சக்தியை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 36,000 யூனிட். மகாதீபம் பல மைலுக்குத் தெரிகிறது, ஊரே கைகூப்புகிறது. கனவு இல்லத்தின் தளத்தில் ஒரு வருஷத்தில் விழும் வெயில் 51,000 யூனிட். ஒவ்வொரு ஏழை வீட்டின் தலையிலும் ஆண்டுக்கு ஒரு மகாதீபமும் அதற்கு மேல் கொஞ்சமும். அதை யாரும் கும்பிடுவதில்லை, கணக்கெடுப்பதும் இல்லை.

கணக்கெடுக்க ஆள் இல்லாமலா? இருக்கிறார்கள். எரிசக்தித் தணிக்கையாளர் என்ற பெயரில் நாட்டில் சான்றிதழ் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2004 முதல் இதற்கென தேசியத் தேர்வு நடக்கிறது. நான்கு தாள்கள். பொது விஷயங்கள், வெப்பம் சார்ந்த கருவிகள், மின்சாரக் கருவிகள், பிறகு செயல்திறன் மதிப்பீடு. பாய்லர், ஃபர்னஸ், நீராவிக் குழாய், கம்ப்ரஸர், கூலிங் டவர், மோட்டார், பம்பு என்று வரிசையாகப் படிக்க வேண்டும். கஷ்டமான தேர்வு, தேறியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டப்படி கட்டாயத் தணிக்கை யாருக்கு? அனல் மின் நிலையம், சிமெண்ட், இரும்பு, உரம், காகிதம், ஜவுளி போன்ற பெரிய ஆலைகளுக்கு. ஆலைக்குத் தணிக்கை தேவைதான். அங்கே ஒரு சதவீதம் மிச்சமானால் ஒரு ஊரின் மின்சாரம் மிச்சம்.

வீட்டுக்கு வரும் தணிக்கையாளரை நாம் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும். சித்திரை மாதம், காலை பத்து மணி, ஊருக்கு வெளியே ஒரு கனவு இல்லம். நான்கு தாளிலும் தேறிய ஒருவர் டையைத் தளர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"வாங்க சார். ஈ.பி.யா? ரீடிங் போன வாரமே எடுத்துனு பூட்டாங்களே."

"இல்லம்மா. எரிசக்தித் தணிக்கை. உங்க வீடு எவ்வளவு திறனோட இருக்குன்னு பார்த்து ஸ்டார் குடுப்போம்."

"ரேஷன் கார்டுலயா சார்?"

"இல்லம்மா, வீட்டுக்கு. பாய்லர் இருக்கா?"

"குக்கர் கீது."

"கம்ப்ரஸர்?"

"ஃப்ரிட்ஜு பின்னாடி குண்டா ஒண்ணு சுடுதே, அதுவா?"

"மனைப் பரப்பு எவ்வளவும்மா?"

"ரெண்டு சென்ட்டு. பட்டா கீது சார், கொண்டாரட்டுமா?"

"ஐநூறு சதுர மீட்டருக்குக் கீழே." எழுதிக்கொள்கிறார். "மின் இணைப்புச் சுமை நூறு கிலோவாட் இருக்குமா?"

"ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு, டி.வி., இந்த ஃப்ரிட்ஜு. நூறு கீதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"அப்போ உங்க வீடு திட்டத்துல வராதும்மா."

"வராட்டி பூட்டுது சார். மதியம் ரெண்டு மணிக்கு ஒருவாட்டி வாங்க. உள்ள வந்து ஒரு அரை மணி நேரம் சும்மா குந்துங்க. அப்புறம் எத்தினி ஸ்டாரு தோணுதோ நீங்களே சொல்லுங்க."

அவர் இரண்டு மணிக்கு வரமாட்டார். அந்த நேரத்தில் பயிலரங்கு இருக்கும். வீட்டு எரிசக்தித் திறன் பற்றிய பயிலரங்கு, ஏ.சி. அரங்கில், ஜன்னலுக்குத் திரை போட்டு, பகலில் விளக்கேற்றி.

சொந்த வீட்டுக்காரர்கள் பாடாவது இதோடு போயிற்று. இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்கள் பாட்டைக் கேளுங்கள். சிமெண்ட் ஷீட் போட்ட மாடி அறை. அதற்குத் தனியாக சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை. முதல் நூறு யூனிட் இலவசம் என்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. குடித்தனக்காரர் முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்கிறார். கூரைக்கு வெள்ளையடிக்கும் செலவு வீட்டுக்காரருடையது, கூரையின் சூடு குடித்தனக்காரருடையது. அதிகம் சுட்டால் அதிகம் ஃபேன் ஓடும், அதிகம் ஓடினால் அதிகம் வசூல். கூரையைக் குளிரவைக்க வீட்டுக்காரருக்குப் பைத்தியமா?

இங்கிலாந்தில் 2007-லிருந்து வீட்டை விற்றாலும், 2008-லிருந்து வாடகைக்கு விட்டாலும் அதன் எரிசக்திச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஏ முதல் ஜி வரை தரம். 2018 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஈ-க்குக் கீழே இருக்கும் வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட, சில விலக்குகள் போக, அனுமதி இல்லை. அவர்களுக்குக் குளிர் பிரச்சினை, நமக்கு வெயில்; அவர்கள் சான்றிதழிலும் ஓட்டை நிறைய. ஆனாலும் சட்டம் வீட்டுக்காரரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்கிறது. நாம் குடித்தனக்காரரைப் பார்த்து ஐந்து ஸ்டார் ஃபேன் வாங்கு என்கிறோம்.

அவசரமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியா 2009 பிப்ரவரியில், உலகப் பொருளாதார நெருக்கடி நேரத்தில், வீடுகளின் கூரைக்குள் வெப்பத் தடுப்பு விரிக்கப் பணம் கொடுத்தது. வேலை தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரும் கூரைக்குள் ஏறினார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் செத்தார்கள். ஒரே வருஷத்தில் திட்டத்தை மூடினார்கள். 2014-இல் அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. அதே காலத்தில் வீட்டுத் தணிக்கையாளர்களுக்குப் பயிற்சி என்று இன்னொரு திட்டம். தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கானவர்கள் காசு கட்டிப் படித்துவிட்டு, திட்டம் ரத்தானதும் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பயிற்சி முகாம் நடத்துவது எளிது. பேனர், சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ். முடிந்ததும் அந்த ஆளை எந்த வீட்டுக்கு, யார் சம்பளத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் அனுப்புவது என்பதுதான் கஷ்டம். நம் ஊரிலும் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்று கூப்பிடுபவர்கள் இதை முதலில் சொல்லிவிட்டுக் கூப்பிடட்டும்.

நம்மிடம் ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வரும் ஒரே அரசு ஊழியர்: மின்வாரியக் கணக்கீட்டாளர். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மீட்டருக்கு முன்னால் சைக்கிள் நிற்கும், எந்த வீடு 500 யூனிட்டைத் தாண்டித் துடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. ஐநூறைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறாகிவிடும். அவர் நான்கு நாள் தள்ளி வந்ததால் தாண்டிவிட்டது என்று தெருவில் சண்டைகூட நடக்கும். மாதம் ஒருமுறை கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குக் கொடுத்ததை மக்கள் ஏன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால் இதனால்தான். தொலைவிலிருந்தே சூட்டை அளக்கும் கருவி ஒன்று ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அந்தக் கணக்கீட்டாளர் கையில் கொடுத்து, மீட்டரைப் பார்த்த கையோடு உள்ளே கூரையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை குறிபார்க்கச் சொன்னால், ஒரே வெயில் காலத்தில் மாநிலம் முழுக்க எந்தக் கூரை எத்தனை டிகிரி என்று பட்டியல் வந்துவிடும். நான்கு தாள் தேர்வு வேண்டியதில்லை. ஆனால் கணக்கீட்டாளர் பணியிடங்களையே முழுக்க நிரப்பாத வாரியம் இதைச் செய்யுமா? இனி ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது. அது வந்தால் வாசலுக்கு வரும் அந்த ஒருவரும் வரமாட்டார்.

வருஷத்துக்கு ஒருநாள், டிசம்பர் 14, தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைப்பார்கள். 2005-லிருந்து நடக்கிறது. பிள்ளைகள் சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் வரைவார்கள், பல்புக்குக் கை கால் வரைவார்கள், பூமிக்குத் தெர்மாமீட்டர் வைப்பார்கள். மார்கழி நெருங்கும் டிசம்பரில் யாருக்கும் வியர்க்காது என்பது இந்த நாளின் சிறப்பு. இதே போட்டியைக் கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து வரையச் சொல்லிப் பாருங்கள். என்ன படம் வரும் என்று எனக்குத் தெரியும். பரிசு கொடுக்கும் அதிகாரிக்கு அது பிடிக்காது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதவைத்த இரண்டு எண்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். பாராட்ட வேண்டிய அறிவிப்பு. வெயிலும் ஆளைக் கொல்லும் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளவே இத்தனை வருஷம் ஆயிற்று. அந்த நான்கு லட்சம் கிடைக்க, சாவுக்குக் காரணம் வெயில்தான் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும்.

வெயில் தாங்காத வீட்டைக் கட்ட மூன்றரை லட்சம். வெயில் தாங்காமல் செத்தால் நான்கு லட்சம். உயிரோடு இருக்கும்போது அவன் கூரை எவ்வளவு சுடுகிறது என்று அளக்க ஒரு தணிக்கையாளர் இல்லை, ஒரு படிவம் இல்லை, ஒரு ஸ்டார் இல்லை. செத்த பிறகு சூட்டைச் சான்றளிக்க அதிகாரி உண்டு, முத்திரை உண்டு, கோப்பு எண் உண்டு. வீட்டுக்குக் கிடைக்காத சான்றிதழ் பிணத்துக்குக் கிடைக்கிறது. இதைவிடத் திறமையான எரிசக்தி நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை.

பணம் இல்லையா? பக்கத்தில் தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்தது. தனியார் வீடுகளில் 600 சதுர கஜத்துக்கு மேல் உள்ளவற்றுக்குத்தான் கட்டாயம். அங்கேயும் அதே ஐநூறு சதுர மீட்டர் சுவர்தான். ஆனால் அரசு கட்டித்தரும் ஏழை வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். காகிதத்தில் இருப்பது எவ்வளவு தூரம் கூரைக்கு ஏறும் என்பது வேறு கதை. நம்மிடம் காகிதத்திலும் இல்லை. சென்னை பெரும்பாக்கம் குடியிருப்பிலும் சில பள்ளிகளிலும் வெண்பூச்சு அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளை அடித்தால் சூடு குறையுமா என்று சோதிக்க! மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்துவிட்டுக் கீழே பாய் விரித்த எந்தத் தாத்தாவும் இதற்கு முன்னோட்டம் நடத்தியதில்லை.

தெலங்கானா சொன்ன செலவு சதுர மீட்டருக்குச் சுமார் 300 ரூபாய். கனவு இல்லத்தின் 28 சதுர மீட்டருக்கு 8,400 ரூபாய். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீட்டுக்கு 84 கோடி. வீடு கட்டும் பணம் ஆண்டுக்கு 3,500 கோடி. நூற்றுக்கு இரண்டரைகூட ஆகவில்லை. வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் விழாவில் பந்தலுக்கு மட்டும் வெப்பத் தடுப்புத் துணி போடத் தெரிகிறது.

மதிப்பீட்டுத் தாளில் 'கூரைக்கு வெண்பூச்சு அல்லது தட்டோடு' என்று ஒரு வரி சேர்க்க ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கு அதிகாரம் இல்லை. கோட்டையில் இருப்பவருக்கு உண்டு. அவர் அறையில் ஏ.சி. ஓடுகிறது. கதவை ஒழுங்காகச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள், குளிர் வீணாகிறது.